யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி, பஞ்சப்படி, போனஸ், குத்தகை, வாய்க்கால் தண்ணீர் ஆகிய விஷயங்களைத்தான் இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நமக்கு இதில் என்ன தெரியும் என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நியாயமான கேள்வி. இரண்டு மாதத்துக்கு முன்னால் நமக்கு ஒன்றும் தெரியாதுதான். தெரிந்து கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது.

நம்முடைய தோழர் ஒருவர், ஸ்பின்னிங் இலாகாவில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்தவர். அவருடைய மகன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முறையில் புரோகிராம் எழுதும் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் பையன் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலை வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

என்ன நடந்தது? கம்பெனியில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பல வருஷமாக ஓடிக் கொண்டிருந்த ஒரு புரோகிராமைப் புதிய யந்திரத்தில் மறுபடியும் கட்டித் தரும்படி பையனிடம் சொன்னார்கள். அவன் அந்தப் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் கட்டளையைத்தான் கொடுத்தான். ஆனால் கட்டும் கருவி, "முடியாது" என்று வரிசையாகப் பிழைகளைக் கொட்டியது.

மேலதிகாரி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேற்று வரை ஓடியதே, நீ என்ன செய்தாய்?"

"நான் ஒன்றும் செய்யவில்லை சார்" என்றான். அதை யார் நம்பினார்கள்? இரண்டு ராத்திரி கண் விழித்துத் தேடியபின் விஷயம் வெளிவந்தது. கருவிக்குள் இருந்த ஓர் ஏற்பாடு மாறியிருந்தது. பழையபடி ஆக்குவதற்குக் கட்டளையில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு ராத்திரி போயிற்று. "காலதாமதம்" என்று எழுதி, அந்த மாத ஊக்கத் தொகையையும் பிடித்துக் கொண்டார்கள்.

தகப்பனார் நம்மிடம் வந்து கேட்டார்: "ஏன் தோழர், ராத்திரியோடு ராத்திரியாக முறுக்குப் பல்சக்கரத்தை மாற்றிவிட்டு, காலையில் நூல் அறுந்தால் சைடர் தலையில் போடுவார்களே, அந்தக் கதைதானே இது?"

அந்தக் கேள்விதான் நம்மை உட்கார வைத்தது. பையனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் மூன்று மாலை நேரம் சங்க ஆபீஸுக்கு வந்து, பொறுமையாக நமக்குப் பாடம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை நம் பாஷையில் உங்கள் முன் வைக்கிறோம்.

சொல்லாமல் நடக்கிற ஏற்பாடு

டீக்கடைக்குப் போகிறோம். "ஒரு டீ" என்கிறோம். சர்க்கரை போட்ட டீ வருகிறது. சர்க்கரை வேண்டாதவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

இதைத்தான் கம்ப்யூட்டர் தொழிலாளர்கள் 'டிஃபால்ட்' என்கிறார்கள். நாம் ஒன்றும் சொல்லாதபோது கருவி தானாக எப்படி நடக்கிறதோ, அதுதான் டிஃபால்ட். ஒரு கருவியில் திருப்பக் கூடிய ஏற்பாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலோர் அவற்றில் கை வைப்பதே இல்லை. ஆகவே செய்தவன் எதை டிஃபால்ட்டாக வைத்தானோ, அதுவே பெரும்பாலோருக்குச் சட்டமாகி விடுகிறது.

கடைக்காரர் ஒருநாள் காலையில், "இனிமேல் டீ என்றால் சர்க்கரை இல்லாத டீ" என்று மனதுக்குள்ளேயே தீர்மானித்துவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். குடிப்பவர் முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பார். "சர்க்கரை எங்கே ஐயா?" என்று கேட்பார். அதோடு தீர்ந்தது.

கம்ப்யூட்டரில் அப்படித் தீராது. அங்கே ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மனிதன் நின்று கொடுப்பதில்லை. பத்து, ஐம்பது கட்டளைகளை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதி வைத்து விடுகிறார்கள். நடுச்சாமத்தில் யந்திரமே அதைப் படித்து நடத்துகிறது. ஒரு கருவி தரும் சரக்கை அடுத்த கருவி வாங்கி வேலை செய்கிறது. இதில் ஒரு கருவியின் டிஃபால்ட் மாறினால் முகம் சுளிக்க அங்கே யாரும் இல்லை. எங்கோ கடைசியில் ஒன்று உடையும்போதுதான் தெரியும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். உடைகிற நேரத்தில் எவன் எதிரே நிற்கிறானோ, அவன்தான் குற்றவாளி.

பையன் மாட்டிக் கொண்ட இடம்

பையன் உபயோகித்த கட்டும் கருவியின் பெயர் ஜிசிசி. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டது. யாரும் காசில்லாமல் எடுத்து உபயோகிக்கலாம். 'சி' என்னும் மொழியில் எழுதியதை யந்திரத்துக்குப் புரியும் வடிவமாக மாற்றித் தருவது அதன் வேலை.

பெரிய புரோகிராமைப் பல தாள்களில் பிரித்து எழுதுவார்கள். எல்லாத் தாள்களுக்கும் பொதுவான ஒரு பெயரை ஓர் இடத்தில் மட்டும் நிலைநாட்டி, மற்ற இடங்களில் "அது வேறு தாளில் இருக்கிறது" என்று குறிப்பிட வேண்டும் என்பது முறை. அவசரத்தில் பலர் எல்லாத் தாளிலும் அதே பெயரை எழுதி வைத்து விடுவார்கள். ஜிசிசி நெடுங்காலமாக அதைப் பொறுத்துக் கொண்டு, எல்லாம் ஒன்றே என்று சேர்த்து வந்தது.

நான்கு மஸ்டரில் 'கருப்பசாமி' என்ற பெயர் இருக்கிறது. பழைய குமாஸ்தா, நான்கும் ஒரே ஆள் என்று எடுத்துக் கொண்டு கூலி போட்டு வந்தார். புதிய குமாஸ்தா வருகிறார். "எந்தக் கருப்பசாமி?" என்று கேட்டுக் கூலியை நிறுத்துகிறார். 2020 மே மாதம் வந்த ஜிசிசி 10-ம் பதிப்பு செய்தது இதுதான்.

புதிய குமாஸ்தாவின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இரண்டு பேர் இரண்டு வேறு காரியத்துக்குத் தற்செயலாக ஒரே பெயரை வைத்திருந்தால், பழைய முறை சத்தமில்லாமல் இரண்டையும் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். பழைய வழக்கம் வேண்டுவோருக்கு 'எஃப்காமன்' என்ற சொல்லையும் விட்டு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் விளக்கக் குறிப்பும் எழுதி வெளியிட்டிருந்தார்கள். ஆனால் பையன் கண்ணெதிரே கொட்டிய பிழைச் செய்தியில் அந்தச் சொல் இல்லை. குறிப்பு ஓரிடத்தில் கிடந்தது. வேலை செய்தவன் வேறிடத்தில் கிடந்தான்.

கதவைச் சாத்தினால் வேலை சாகும்

இன்னொரு சம்பவம், இதைவிடப் பெரியது. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கினார். உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரில் அத்தனையும் லினக்ஸில் ஓடின என்றால் அதன் விரிவைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இதில் மற்ற புரோகிராம்களை எழுப்பி, மேற்பார்த்து, நிறுத்துகிற மேஸ்திரி போன்ற ஒரு புரோகிராம் உண்டு. சிஸ்டம்டி என்று பெயர். 2010-ல் வந்தது. சில வருஷங்களில் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அதுவே மேஸ்திரி ஆகிவிட்டது.

தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, நீண்ட கணக்கு ஒன்றை ஓட விட்டுவிட்டு, வெளியே வந்து வீட்டுக்குப் போவது 1970-களிலிருந்து வழக்கம். "தொடர்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாதே" என்று சொல்லவே 'நோஹப்' என்று ஒரு கட்டளை அக்காலத்திலேயே உண்டு. பின்னால் 'ஸ்கிரீன்', 'டிமக்ஸ்' என்ற கருவிகளும் வந்தன. ராத்திரி ஓடட்டும், காலையில் வந்து பார்ப்போம் என்று லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த வழி இது.

2016 மே மாதம் சிஸ்டம்டியின் 230-ம் பதிப்பு வந்தது. அதில் ஓர் ஏற்பாடு 'இல்லை' என்பதிலிருந்து 'ஆம்' என்று மாறியது. என்ன ஏற்பாடு? ஆள் வெளியேறியதும், அவன் விட்டுப் போன வேலைகள் அத்தனையையும் கொன்றுவிடு என்பதுதான்!

இதற்கும் காரணம் சொன்னார்கள். பலர் பங்கு போடும் கம்ப்யூட்டரில், ஆள் போன பின்னும் சில புரோகிராம்கள் அனாதையாக ஓடி இடத்தை அடைத்துக் கொள்கின்றன. ஷிப்ட் முடிந்து போகிறவன் விசிறியை ஓடவிட்டுப் போவது போல. அது நிஜம்தான். ஆனால் மறந்து விட்டுப் போன விசிறியையும், வேண்டுமென்றே ஓட விட்டுப் போன சாயத் தொட்டியையும் ஒன்றாகப் பாவிக்கலாமா? பழையபடி நடக்க வேண்டுமானால் தனியாக 'தங்கும் அனுமதி' பதிய வேண்டும். அல்லது வேலையை வேறு புதிய கட்டளையால் தொடங்க வேண்டும். டிமக்ஸை எழுதியவர்களிடம், உங்கள் கருவியை இதற்கேற்றபடி மாற்றிக் கொள்ளுங்கள் என்றும் கேட்டார்கள்.

நாற்பது வருஷ வழக்கத்தை மாற்றியது ஒருவர். அதற்காகத் தன்னை மாற்றிக் கொள்ள வேண்டியது இன்னொருவர். இதுதான் கோபத்தின் வேர்.

உபயோகிப்போர் சத்தம் போட்டார்கள். டெபியன் என்னும் லினக்ஸ் வகையைப் பராமரிக்கிற தொண்டர்கள், தங்கள் தொகுப்பில் அந்த ஏற்பாட்டை மறுபடியும் 'இல்லை' என்றே வைத்தார்கள். அப்படித் திருப்பி வைக்கச் சிஸ்டம்டிக்காரர்களே வழி விட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் நின்றவர்கள் உபயோகிப்போரின் வழக்கத்தை அறிந்தவர்களாக இருந்ததால் பலருடைய ராத்திரி வேலை பிழைத்தது.

தண்டோரா எங்கே போட வேண்டும்?

"முன்கூட்டியே அறிவித்துத்தானே மாற்றுகிறோம்?" என்று இந்தக் கருவிகளைச் செய்வோர் கேட்கலாம். அறிவிப்பு என்றால் என்ன என்பதைக் கடைமடை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் முறை மாறுகிறது என்று தாலுகா ஆபீஸ் சுவரில் ஒரு தாளை ஒட்டினால் அறிவிப்பு ஆகுமா? கடைமடைத் தெருவில் தண்டோரா போட்டால்தான் அறிவிப்பு.

கிட் என்ற கருவியின் சரித்திரத்தில் இதற்கு நல்ல பாடம் உண்டு. பல பேர் சேர்ந்து ஒரு புரோகிராமை எழுதும்போது, யார் எதை எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும் பேரேடு அது. 2005-ல் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அதே வருஷம் ஜூனியோ ஹமானோ பொறுப்பேற்றார்.

ஆரம்பத்தில் அதன் கட்டளைகளை நடுவில் கோடு போட்டு, 'கிட்-கமிட்' என்று எழுதலாம். கோடில்லாமல் இடைவெளி விட்டும் எழுதலாம். 2008 ஆகஸ்டில் வந்த 1.6.0 பதிப்பில் கோடு போட்ட கட்டளைகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கோடு போட்டு எழுதி வைத்திருந்த பட்டியல்கள் எல்லாம் நின்று போயின. கூச்சல் கிளம்பியது. முன்கூட்டி அறிவிக்கவில்லையா? அறிவித்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய பதிப்பின் குறிப்பிலேயே எழுதியிருந்தது. தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டிய தாள் அது!

அடுத்த பெரிய மாற்றத்தில் அதே கிட்காரர்கள் வேறு விதமாக நடந்தார்கள். 'புஷ்' என்று ஒரு கட்டளை. நாம் எழுதியதைப் பொதுப் பேரேட்டுக்கு அனுப்புவது. வெறுமனே 'புஷ்' என்றால், இரண்டு பக்கமும் ஒரே பெயரில் உள்ள கிளைகள் அத்தனையையும் அது அனுப்பி வந்தது. அரைகுறையாக எழுதி வைத்ததும் சேர்ந்து போய்விடும். ஆகவே, நாம் நிற்கும் கிளையை மட்டும் அனுப்புவது என்று மாற்ற நினைத்தார்கள்.

மாற்றம் வந்தது 2014 மே மாதம், 2.0 பதிப்பில். ஆனால் 2012 முதலே, இந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்காமல் இருந்த ஒருவர் 'புஷ்' கொடுத்தால், கருவியே அவர் திரையில் எழுதிக் காட்டியது: இந்த ஏற்பாடு 2.0-ல் மாறப் போகிறது. பழையது வேண்டுமானால் இந்த வரியை எழுது. புதியது இப்போதே வேண்டுமானால் இந்த வரியை எழுது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் கடைமடைத் தெருவிலேயே தண்டோரா போட்டார்கள். அறிவிக்க மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழையதெல்லாம் பொன் அல்ல

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. மாற்றாமல் விட்டதால் வந்த கேடும் உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியைச் செய்தார். அதில் கட்டளை வரியை 'டாப்' என்னும் விசையை அழுத்தித்தான் தொடங்க வேண்டும். வெற்றிடம் விட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்! இது தொல்லை என்று அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் அதை உபயோகிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேரிடம் அன்றைக்கே கேட்டு மாற்றியிருக்கலாம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக, புதிதாக வருகிறவர்கள் அந்தக் கல்லில் தடுக்கி விழுகிறார்கள்.

மோங்கோடிபி என்ற தகவல் கிடங்கு இன்னும் பெரிய பாடம். அதன் ஆரம்ப டிஃபால்ட் எப்படி? எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும், கடவுச்சொல் கேட்காது. பூட்டில்லாத வீடு. நிறுவியவர்கள் ஏற்பாட்டைத் தொடவில்லை. 2017 ஜனவரியில் திருடர்கள் புகுந்து, திறந்து கிடந்த பல்லாயிரம் கிடங்குகளைத் துடைத்துவிட்டு, பணம் கொடு என்று சீட்டு எழுதி வைத்துப் போனார்கள். சில தொகுப்புகளில் முன்பே கதவைச் சாத்தியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சாத்தியது அதே வருஷம் நவம்பரில் வந்த 3.6 பதிப்பில்தான். இந்த மாற்றமும் சிலருக்குச் சிரமம் தந்திருக்கும். ஆனாலும் செய்தே தீர வேண்டிய மாற்றம். திறந்து கிடக்கும் கதவை உடனே சாத்து. வசதிக்காகவும் அழகுக்காகவும் செய்கிற மாற்றமானால் ஜனங்களுக்கு அவகாசம் கொடு.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, கேட்டுவிட்டு மாற்றுங்கள். சத்தம் போடாதவன் சம்மதித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். கருவி ஒழுங்காக வேலை செய்கிற வரையில் யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். வேலையில் மூழ்கியிருப்பவனே அதிகமாக நம்பியிருப்பவன்.

இரண்டாவது, வேலை நடக்கிற இடத்தில் சொல்லுங்கள்.

மூன்றாவது, திரும்பும் வழியை வையுங்கள். அந்த வழியைப் பிழைச் செய்தியிலேயே எழுதுங்கள். பையனுக்கு வந்த செய்தியில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால், ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பான்.

நான்காவது, உடைத்தவர் பழுது பார்க்கட்டும். இது நடக்காத காரியம் அல்ல. லினக்ஸின் உட்கருவில் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்து வரும் விதி இதுதான்: உட்கருவில் செய்த மாற்றத்தால் உபயோகிப்போரின் புரோகிராம் உடைந்தால், அது உட்கருவின் குற்றம், மாற்றம்தான் பின்வாங்க வேண்டும். அந்த விதியை வைத்துக் கொண்டு லினக்ஸ் தேங்கிப் போய்விடவில்லையே!

இந்த நான்கும் கருவி செய்வோரிடம் கேட்பது. அவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைக்கும் தொண்டர்கள். அவர்களைப் பகைவர்களாக நாம் நினைக்கவில்லை. ஆனால் நடுவில் இருக்கிற கம்பெனி நிர்வாகத்திடம் கேட்பது வேறு. புதிய யந்திரத்தை வைக்கத் தீர்மானித்தது நிர்வாகம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க நாள் கொடுக்காதது நிர்வாகம். அதன் விலையைக் கான்ட்ராக்ட் தொழிலாளியின் இரண்டு ராத்திரியிலும் ஊக்கத் தொகையிலும் வசூலிப்பது எந்த நியாயம்?

அந்தப் பையனும் நண்பர்களும் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். கருவிகளை மாற்றும் முன் நோட்டீஸ் வேண்டும். சோதிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். மூன்று கோரிக்கை, ஒரே தாள். முதலில் மூன்று கையெழுத்து இருந்தது. நேற்று நம்மிடம் காட்டியபோது பதினேழு இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.

தகப்பனார் இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முறுக்குச் சக்கரத்தை மாற்றினால் முதலில் சைடரிடம் சொல்ல வேண்டும் என்று, அவருடைய தலைமுறை மில்லில் போராடித்தான் வழக்கமாக்கியது. அந்த வழக்கத்தை எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று மகன் இப்போதுதான் அவரைக் கேட்கத் தொடங்கியிருக்கிறான். தோழர்களே, உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.